தட்டினால் விட வேண்டும்

எங்கள் ஊரில் ஓடுகிற பேருந்துகளில் பாதிக்கு மேல் என் நாத்தனாரின் முகம் ஒட்டியிருக்கிறது. வாய் பிளந்து, கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்த முகம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வாருங்கள், வீரத்தைத் தொட்டுப் பாருங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன ஒரு நடிப்பு என்று மெச்சுகிறார்கள். நடிப்பாவது மண்ணாங்கட்டியாவது! அவள் தோள்மூட்டு கழன்ற நேரத்தில் எடுத்த படம் அது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று புகுந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வந்தால் லேசில் போகாது என்பதும் தெரியும். அதனால் இந்தக் கதையை நான் பொறுமையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் நாத்தனாரைப் பஞ்சு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருக்கிறாள். பின்கட்டில் உள்ள சின்ன அறை அவளுடையது. பாட்டில் தொழிற்சாலையில் கழுவுகிற பிரிவில் வேலை. வெந்நீர் ஆவியில் நின்று நின்று அவள் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கிக் கிடக்கும்.

தொழிற்சாலைக்கு எதிரே பேருந்து நிறுத்தம். அதற்குப் பின்னால் ஒரு டயர் கடை. டயர் கடைக்கு மேலே பயிற்சிக் கூடம். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பேய்மழை. ஒதுங்கலாம் என்று கூடத்தின் மாடிப்படியில் ஏறியவள், மேலே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். மழை விட்ட பிறகும் அவள் இறங்கவில்லை. இப்படித்தான் பஞ்சு சண்டை கற்றுக்கொள்ளப் போனாள். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

எங்கள் ஊர்ச் சண்டை என்பது பிடியும் பூட்டும். அடி உதை கிடையாது. ஆளைப் பிடித்துச் சாய்ப்பது, சாய்த்த பிறகு கையையோ காலையோ மடக்கிப் பூட்டுவது, அவ்வளவுதான். பஞ்சு இதில் யாரையும் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவளுக்கு விழத் தெரியும். எவ்வளவு உயரத்திலிருந்து எறிந்தாலும் சத்தமில்லாமல் மெத்தையில் போய்ப் படுப்பாள். அதனால்தான் அந்தப் பேர். புதிதாக ஒரு பிடியைப் பழகுகிறவர்கள் எல்லாம் "பஞ்சு அக்கா, நீங்க வாங்க" என்று அவளைத்தான் இழுப்பார்கள். ஒருத்தர் கற்றுக்கொள்ள வேண்டுமானால் இன்னொருத்தர் விழுந்தாக வேண்டும் இல்லையா? ஊரில் தேறி இடுப்பில் கச்சை கட்டியவர்களில் பாதிப் பேர் அவளைத் தள்ளித்தான் படித்தார்கள்.

அந்தக் கூடத்துச் சீருடைகளை நான்தான் தைப்பேன். அளவெடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். அங்கே முதல் நாள் பிடி எதையும் சொல்லித்தர மாட்டார்கள். தட்டச் சொல்லித்தருவார்கள். பூட்டு வலித்தால் உள்ளங்கையால் இரண்டு தட்டு. தரையில் தட்டலாம், எதிராளியின் முதுகில் தட்டலாம், கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம். தட்டின மறுகணம் விட்டுவிட வேண்டும். உண்மையாகவே வலித்ததா, ஏன் இவ்வளவு சீக்கிரம் தட்டினாய் என்றெல்லாம் கேட்கக் கூடாது. தட்டிய பிறகும் விடாதவர் யாராக இருந்தாலும், அன்றைக்கு வகுப்பு முடிகிறவரை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். திட்டு கிடையாது, வேறு தண்டனை கிடையாது. மாஸ்டரே ஒருமுறை கொஞ்சம் தாமதமாக விட்டதற்காக, யாரும் சொல்லாமலே எழுந்துபோய்ச் செருப்பு வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை வந்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் வயிறு எரிகிறது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிராண்டு சார் வருகிறவரை.

அவர் நகர மேம்பாட்டு அலுவலகத்தின் இயக்குநர். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை 'பிராண்டு' என்பார். அதனால் நான் வைத்த பேர் அது. எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது, மலை கிடையாது, கோட்டை கொத்தளம் எதுவும் கிடையாது. ரயிலில் போகிறவர்கள் எங்கள் ஊர் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க மட்டும் இறங்குவார்கள். அவர்களைத் தங்கவைக்க வேண்டும் என்று அரசாங்கம் இவரை அனுப்பியது. ஊரைச் சுற்றி வந்தவர் டயர் கடை மாடியில் ஏறினார். அந்த நேரம் பார்த்து யாரோ பூட்டுப் போட, பஞ்சு தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கை! அந்தக் கைதாங்க நம்ம பிராண்டு!" என்று துள்ளினாராம்.

அடுத்த வருஷத்துக்குள் ஊர் முழுக்க அந்த உள்ளங்கை வந்துவிட்டது. விளக்குக் கம்பத்தில் கை, ரயில் நிலைய வாசலில் கை, குப்பைத் தொட்டியில்கூடக் கை. 'போதும், என்னை விடு' என்று சொல்கிற கையை ஒரு ஊரே தன் சின்னமாக எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு அதிகாரிகூடக் கேட்கவில்லை. தெரிந்த மாஸ்டர் சொல்லவில்லை. அவரை ஆலோசகர் ஆக்கி, பேர் போட்ட நாற்காலி ஒன்றையும் கொடுத்திருந்தார்கள்.

கூடம் டயர் கடை மாடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. சுற்றுலாப் பயணிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். 'ஒரு நாள் வீரர்' என்று ஒரு ஏற்பாடு. காலையில் வந்து, வெள்ளைச் சீருடை மாட்டி, நாலு பிடி பழகி, மத்தியானம் ஒருத்தரைத் தூக்கி எறிந்து, படம் எடுத்துக்கொண்டு போகலாம். எறியப்படுவதற்கு ஆள் வேண்டுமே? பஞ்சுவையும் இன்னும் நாலு பெண்களையும் வேலைக்கு எடுத்தார்கள். அதில் ஒருத்தி கண்ணாடி போட்டிருப்பாள், அவளைக் கண்ணாடிக்காரி என்றே கூப்பிடுவோம். அலுவலகத்தில் அவர்களுக்கு 'அனுபவத் துணைவர்' என்று பேர். அவர்கள் தங்களுக்குள் 'விழுறவங்க' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எனக்கும் பின்பக்கத்துத் தடுப்பறையில் ஒரு தையல் இயந்திரம் போட்டுக் கொடுத்தார்கள்.

பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாட்டில் ஆவியிலிருந்து தப்பித்தாயிற்று. பிடித்த வேலையே பிழைப்பாகவும் ஆயிற்று. பஞ்சு காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே தலை சீவுவாள்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்கள். பஞ்சு சத்தமில்லாமல் விழுவது பிராண்டு சாருக்குப் பிடிக்கவில்லை. தூக்கி எறிகிற பயணிக்குத் திருப்தி வர வேண்டாமா? அதனால் மெத்தைக்கு அடியில் உள்ளே வெற்றிடம் விட்டுப் பலகை போட்டார்கள். இப்போது அவள் விழுந்தால் தொம்மென்று கட்டடமே அதிர்ந்தது. பயணிகள் கைதட்டினார்கள்.

அதற்கு அடுத்தது படம். பூட்டுப் போட்டவுடன் பஞ்சு தட்டுவாள், பயணி விட்டுவிடுவார், எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். போட்டோக்காரருக்கு நேரம் போதவில்லை. பிராண்டு சார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "அவங்க தட்டினா நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு அர்த்தம். விடாதீங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிங்க" என்று எல்லாப் பயணிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார்.

புரிகிறதா? 'விடு' என்பதற்கு இருந்த ஒரே சைகையை, 'விடாதே' என்று மாற்றிவிட்டார்கள்.

பஞ்சு யாரிடமும் சண்டைக்குப் போகிறவள் இல்லை. அன்றைக்கு மாஸ்டரின் அறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"மாஸ்டர், தட்டினா விடணும்ல?" என்றாள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "இது வகுப்பு இல்லம்மா. இது காட்சி. லேசாத்தானே பிடிக்கப் போறாங்க?"

"பழகாதவங்க மாஸ்டர். அவங்களுக்கு எது லேசு, எது அழுத்தம்னு தெரியாது."

"பார்த்துப் பண்ணிக்கலாம். நானும் இங்கதானே இருக்கேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். வாசலில் செருப்பு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மேசை போட்டு, கைச் சின்னம் அச்சடித்த பனியன் விற்றுக்கொண்டிருந்தார்கள். செருப்பை வைக்கப் பூட்டு போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள் வந்துவிட்டன. உட்கார இடமே இல்லை.

அந்த நாள் வந்தது. வந்தவர் நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் வாட்டசாட்டம், ஆனால் கூச்ச சுபாவம். மனைவியோடு விடுமுறைக்கு வந்தவர். சீருடை பத்தவில்லை என்று என்னிடம் வந்து, "சிரமம் கொடுக்கறேன், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லித்தான் வாங்கிப் போட்டார். பஞ்சுவின் கையைப் பின்னால் மடக்கிப் பூட்டினார். பஞ்சு வழக்கம்போல் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினாள். அவர் கேமரா பக்கம் திரும்பினார். திரும்பும்போது கால் வழுக்கி, அவர் கனம் மொத்தமும் அவள் தோளில் இறங்கியது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இடுப்புக்கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பலகை வந்த பிறகு அவள் தட்டுவது எனக்குச் சுவர் வழியாகவே கேட்கும். இரண்டு தட்டு, பிறகு அமைதி, பிறகு சிரிப்பு. அன்றைக்கு அமைதி வரவில்லை. தட்டு, தட்டு, தட்டு, தட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் போட்டோக்காரரின் குரல்.

"சூப்பர் மேடம்! இதுதான் வேணும்! இன்னும் கொஞ்சம் தட்டுங்க, அப்படியே, அப்படியே!"

அவள் தட்டத் தட்ட அவர் பாராட்டினார். அவர் பாராட்டப் பாராட்ட அந்த மனுஷர் இன்னும் நன்றாகப் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் ஒரு வார்த்தை கத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். வலித்தால் தட்டு, விட்டுவிடுவார்கள். அதை நம்பி அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடினேன். "விடுய்யா அவளை!" என்று அந்த ஆளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் மெத்தையில் தொம்மென்று விழுந்தார். பஞ்சு எழுந்து உட்கார்ந்தாள். வலது கை அவளுடையதே இல்லை என்பதுபோல் தொங்கியது. விஷயம் புரிந்ததும் அந்த மனுஷர் தரையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். "சொன்னபடிதானேம்மா செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். சொன்னபடிதான் செய்தார்.

மாஸ்டர் அவர் அறையில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தோள்மூட்டை உள்ளே தள்ளிக் கட்டுப்போட்டார்கள். உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது, இனி கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது என்றார் டாக்டர். அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நலம் விசாரிக்க என்று நினைத்தீர்களா? "கெஸ்ட்டைக் கைநீட்டித் தள்ளலாமா? நம்ம பிராண்டு என்ன ஆகும்?" என்று கேட்பதற்கு! எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

நாலு நாள் கழித்துப் பிராண்டு சாரே வீட்டுக்கு வந்தார். கையில் பழக்கூடை. அதைச் சுற்றிக் கட்டிய நாடாவிலும் அந்தக் கைச் சின்னம். என் கணவர் அப்போதுதான் வேலை முடிந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். அதிகம் பேச மாட்டார். இந்த வீட்டில் அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

"ஏம்மா, வலிச்சப்போ வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று ஆரம்பித்தார் பிராண்டு சார்.

"மூச்சு முட்டும்போது வாய் எங்க சார் வரும்? அதுக்குத்தானே கை" என்றாள் பஞ்சு.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிடலாம்."

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. தட்டினா விடணும்னு மறுபடி கொண்டுவாங்க. படத்தை வேற நேரத்துல எடுத்துக்கங்க. இன்னைக்கு என் இடத்துல கண்ணாடிக்காரி விழறா. அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க, சார்."

பிராண்டு சார் உதட்டைப் பிதுக்கினார். "அது கஷ்டம்மா. அந்த போஸ்தான் எல்லா இடத்துலயும் போயிருக்கு. அதை எதிர்பார்த்துத்தான் வர்றாங்க. நீங்க தட்டுறது நிஜமா, ஷோவுக்கான்னு பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிக்கணும்."

என் கணவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "சார், என் வண்டியை வெளியே இருந்து யாராச்சும் தட்டினா, விளையாட்டுக்குத் தட்டினானா, உள்ள ஆள் மாட்டிக்கிச்சுன்னு தட்டினானான்னு நான் யோசிக்கிறதில்ல. முதல்ல பிரேக். திட்டுறதெல்லாம் அப்புறம்."

"அது வேற, இது வேற" என்று சிரித்துப் பூசி மெழுகிவிட்டுப் பிராண்டு சார் எழுந்துபோனார். அந்தக் கூடையை நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நாடாவை மட்டும் அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் படம் வெளியே வந்தது. ஒரு நாள் விடிகாலையில் பணிமனைக்குப் போன என் கணவர், தன் வண்டியின் பக்கவாட்டில் தன் தங்கை முகம் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேறு வண்டி கேட்டார், கொடுக்கவில்லை. அன்று முழுக்க அதையேதான் ஓட்டினார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் பக்கவாட்டுப் படம் தெரியாதுதான். ஆனால் கடைவீதியில் போகும்போது கண்ணாடிக் கதவுகள் ஒவ்வொன்றிலும் அவள் முகம் வந்து வந்து போயிற்றாம். சாயங்காலம் வந்தவர் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை.

படம் எடுக்கச் சம்மதித்துத்தானே வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்றது அலுவலகம். அதோடு விட்டார்களா? பஞ்சுவை 'நகரத்தின் முகம்' என்று அறிவித்தார்கள். வேறு ஊர்களிலிருந்தெல்லாம் அதிகாரிகள் வருகிறார்கள், ஒரு சண்டைக் கலையை வைத்து ஊரைப் பிரபலமாக்கியது எப்படி என்று பார்க்க. மேடையில் பஞ்சு ஒரு பிடி காட்ட வேண்டும். வலது கையில் கட்டுப்போட்டிருக்கிறது, பரவாயில்லை, இடது கையாலேயே பிராண்டு சாரின் மணிக்கட்டைப் பூட்டி அவரை மண்டியிட வைக்கட்டும். அவர் தட்டுவார், சிரிப்பார், படம் எடுப்பார்கள். ஊரின் இயக்குநரே ஒரு சாதாரணப் பெண்ணிடம் தோற்பது பிராண்டுக்கு ரொம்ப நல்லதாம். யோசனை அவருடையதுதான்.

"போகாதே" என்றேன். "உனக்கு ரோஷமே இல்லையா? கையை ஒடிச்சவன் கூப்பிட்டா ஓடுவியா?"

பஞ்சு ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாடையில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு மடிக்கப் பழகியிருந்தாள். "மேடையில எல்லாரும் இருப்பாங்க அண்ணி" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள்.

பிராண்டு சாருக்குச் சீருடை தைக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தொப்பை தெரியாமல் தைக்க வேண்டும், கச்சை கறுப்பாக இருக்க வேண்டும், கறுப்பு கட்டினால் ஒல்லியாகத் தெரியுமாம். கறுப்புக் கச்சை வாங்கப் பஞ்சு எத்தனை வருஷம் விழுந்து எழுந்தாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நான் ஒரு மத்தியானத்தில் தைத்துக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தைத்தேன். ஊசி இரண்டு முறை உடைந்தது.

மண்டபம் நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால் பனைமர உயரத்துக்கு அந்த உள்ளங்கை. முதல் வரிசையில் மாஸ்டர், பட்டுத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். வெறுங்காலோடுதான் மெத்தை ஏற வேண்டும் என்பதால், விழுகிற பெண்கள் எல்லாரும் மேடைப் படிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். நான் அந்தப் படியோரமாக நின்றேன். கட்டுப்போட்ட கையோடு நாத்தனார் மேடையில் இருக்கும்போது நான் எங்கே உட்கார்வது?

பஞ்சு இடது கையால் பிராண்டு சாரின் மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பினாள். அவர் நாடகத்தனமாக முகத்தைச் சுளித்து மண்டியிட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிய கையோடு பஞ்சு விட்டுவிட்டாள்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு.

"ஹோல்ட் பண்ணும்மா" என்றார் பிராண்டு சார், பல் தெரியச் சிரித்துக்கொண்டே.

மறுபடி பிடித்தாள். அவர் மண்டியிட்டுத் தட்டினார். மறுபடியும் உடனே விட்டாள். அவர் கேமரா பக்கம் திரும்பிப் புன்னகைத்தபோது அவர் கை அவரிடமே இருந்தது. இந்த முறை சிரிப்பு பெரிதாக எழுந்தது. ஒலிவாங்கி அவர் சட்டையிலேயே குத்தியிருந்ததை அவர் மறந்துவிட்டார்.

"என்னம்மா விளையாடுறியா? நான் தட்டினாலும் விடாதே. பிடிச்சுக்கிட்டே இரு!"

அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பஞ்சு சொன்னதும் அதே ஒலிவாங்கியில்தான் கேட்டது. "அப்போ தட்டாதீங்க சார். தட்டினா நான் விட்டுருவேன்."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கையில் கிடைத்திருக்கிறான், இறுக்கிப் பிடித்து அவன் தட்டத் தட்ட வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன இவள் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறாள்! நானாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். சத்தியமாக விட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது முறை அவர் தட்டவில்லை. வீம்பு. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி மண்டியிட்டிருந்தார். பஞ்சு மணிக்கட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்பினாள். சிரிப்பு அப்படியே உறைந்தது. முகம் சிவந்தது. வாய் திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை, பார்த்தீர்களா? மற்ற கை தானாகப் போய்ப் பலகையில் தட்டியது. சொல்லிக்கொடுத்த இரண்டு தட்டு இல்லை. தட்டு, தட்டு, தட்டு, தட்டு.

முதல் தட்டிலேயே பஞ்சு விட்டுவிட்டாள். பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டாள் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யாரும் கைதட்டவில்லை. பிராண்டு சார் மண்டியிட்டபடியே தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு பஞ்சுவின் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். போட்டோக்காரர் படம் எடுக்கவில்லை.

வேறு ஊரிலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒருவர் எழுந்து கேட்டார். "இப்படித் தட்டுறாங்களே, இதுக்கு என்ன அர்த்தம்?"

பிராண்டு சார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் ஆலோசகர் பக்கம் போயிற்று. மாஸ்டர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"விடுன்னு அர்த்தம்" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் உட்காரவில்லை. துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, மேடைப் படிக்கு வந்து, பெண்கள் கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. பெரியவருக்குத் தலைசுற்றலோ என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். விழுகிற பெண்களுக்கு மட்டும் புரிந்தது. கண்ணாடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே பயணிகளுக்குச் சொல்லித்தருவது மாறிவிட்டது. இப்போது படத்தை முதலில் எடுத்துவிடுகிறார்கள். தட்டினால் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் பூட்டு. 'பாதுகாப்பான அனுபவம்' என்று அதற்கும் ஒரு பேர் வைத்து, தன் யோசனை என்று பிராண்டு சார் பேட்டி கொடுத்தார். பஞ்சுவை வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. என்னையும் நிறுத்திவிட்டார்கள். பேருந்துப் படத்தை இன்னும் எடுக்கவில்லை. கேட்டால், ஒப்பந்தம் முடியவில்லையாம். எனக்கு ஆறவில்லை. ஆறப்போவதும் இல்லை.

ஆனால் அந்தப் படியோரத்தில் நடந்ததை மட்டும் நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பஞ்சு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் செருப்பு மாஸ்டரின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. காலை நுழைத்துக்கொண்டாள். மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பஞ்சு, நான் எழுந்துக்கட்டுமாம்மா?"

வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாதவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வகுப்பு இன்னும் முடியல மாஸ்டர்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.